சான்றிதழ் வந்த பிறகுதான் வேலை

வணிகக் குறி பதிவாகிச் சான்றிதழ் வந்துவிட்டால் இனிக் கவலையில்லை என்று எங்கள் தொழிலில் பலர் நம்புகிறார்கள். சென்னை கிண்டியில் இருக்கும் பதிவு அலுவலகம் பெயரைப் பதிந்து கொடுக்கும். அந்தப் பெயரில் வேறு யார் புடவை விற்கிறார்கள் என்று கடைகடையாகப் போய்ப் பார்க்காது. அது உரிமையாளரின் வேலை. காஞ்சிபுரத்தை ஒட்டிய ஓரிக்கையில் நெசவாளர்களோடு சேர்ந்து பட்டுப்புடவை உற்பத்தி செய்து, சொந்தப் பெயரில் விற்றுவரும் அனுபவத்தில் இதைத்தான் முதலில் சொல்வேன்.

‘காஞ்சிபுரம் பட்டு’ 2005-06இல் புவிசார் குறியீடு பெற்றது. அது ஊருக்கே பொதுவான உரிமை. எந்தத் தனி ஆளும் அதைத் தன் பெயராக்கிக்கொள்ள முடியாது. ஆனால் ஜரிகை கறுத்துப்போனால் வாங்கியவர் ஊரைத் தேடி வருவதில்லை, முந்தியில் தைத்திருக்கும் லேபிளைத் தேடித்தான் வருகிறார். அப்படி ஓர் அம்மா எங்களிடம் ஒரு புடவையைக் கொண்டுவந்தார். லேபிளில் எங்கள் பெயர்தான், இங்கிலீஷில் ஓர் எழுத்து மட்டும் கூடுதல். நிறமும் எழுத்தின் வளைவும்கூட அப்படியே. எங்களுக்கு நெய்யும் ஒருவர் புடவையைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார்.

“அண்ணே, இது நம்ம தறி இல்ல. கோர்வையே இல்ல பாருங்க. விசைத்தறில ஓட்டினது.”

கோர்வை என்றால் கரைக்குத் தனி நாடா, உடலுக்குத் தனி நாடா. இரண்டும் ஒவ்வொரு ஊடைக்கும் பின்னிக்கொள்ள வேண்டும். பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார்ந்து கைகொடுக்காமல் அது நடக்காது. அந்த உழைப்புக்கான கூலி இல்லாத புடவை, அந்த உழைப்பால் கிடைத்த பெயரில் விலைபோகிறது. எனக்கு இதில் வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

ஆனாலும் கோபத்தோடு அதை விற்ற கடைக்குப் போய்ச் சண்டை போடக் கூடாது. போனால் அன்று மாலையே சரக்கு மறைந்துவிடும். தெரிந்தவர் ஒருவரை அனுப்பி, பில்லோடு ஒரு புடவை வாங்கச் சொன்னோம். பில், அட்டைப்பெட்டி, பை எல்லாவற்றையும் வைத்துக்கொண்டோம். இணையத்தில் விற்றதைத் தேதியோடு படமெடுத்தோம். கூடவே நம் பக்கத்துக் காகிதங்களும் வேண்டும்: அந்தப் பெயரில் போட்ட பழைய பில்கள், விளம்பரங்கள், கண்காட்சிக்குக் கட்டிய ரசீதுகள். யார் முதலில் பயன்படுத்தினார்கள் என்ற கேள்வி வரும்போது, சான்றிதழை விட இந்தப் பழைய காகிதக் கட்டுதான் பல நேரம் பேசும்.

பிறகு பதிவேட்டைத் தேடினோம். போலியை விற்றவர்கள் அந்தப் பெயருக்கு விண்ணப்பமே போட்டிருந்தார்கள். வணிகக் குறி இதழ் வாரந்தோறும் திங்கட்கிழமை பதிவுத்துறையின் இணையதளத்தில் வெளியாகிறது, பார்க்கக் காசு இல்லை. ஒரு பெயர் அதில் வந்த நாலு மாதத்துக்குள் ஆட்சேபணை தாக்கல் செய்ய வேண்டும். அதற்குமேல் அவகாசம் கிடையாது. இணையவழியில் ஒரு வகுப்புக்குக் கட்டணம் 2,700 ரூபாய். நாங்கள் தாக்கல் செய்தோம். நோட்டீஸ் கிடைத்த இரண்டு மாதத்தில் எதிர்த்தரப்பு பதில் தர வேண்டும். தராவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். அவர்கள் பதிலே தரவில்லை. நீதிமன்றப் படி ஏறாமல் முடிந்தது.

அதனால்தான் திங்கட்கிழமை இதழைப் பார்ப்பதை வீட்டில் ஒரு பிள்ளையிடமாவது ஒப்படையுங்கள் என்கிறேன். துணி 24ஆம் வகுப்பு, உடுப்பு 25, கடை வியாபாரம் 35; மூன்றையும் பார்க்க வேண்டும். ஒலி ஒற்றுமை வைத்துத் தேடும் வசதியும் உண்டு. ‘ஸ்ரீ’ ஒன்றையே இங்கிலீஷில் எத்தனை விதமாக எழுதுகிறோம்! திருடுகிறவர் அந்தச் சந்தில்தான் நுழைவார். தமிழ் எழுத்திலும் பெயரைப் பதிந்துவைத்தால் கை இன்னும் பலப்படும்.

தாமதம்தான் பெரிய எதிரி. ‘அம்ருததாரா’ மருந்துக்காரர்கள் ‘லக்ஷ்மண்தாரா’வை எதிர்த்த வழக்கில் 1962இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சாதாரணமாக வாங்குகிற ஒருவர் இரண்டையும் குழப்பிக்கொள்வார் என்று நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. இருந்தும், தெரிந்தே பல காலம் பேசாமல் இருந்தார்கள் என்பதால், எதிராளிக்கு உத்தரப் பிரதேச எல்லைக்குள் பதிவு கிடைத்தது. இப்போதைய சட்டத்தில், பதிவான ஒரு பெயரை நாம் தெரிந்தே தொடர்ந்து ஐந்து வருடம் பொறுத்துப் போனால், பிறகு எதிர்க்கும் உரிமை பெரும்பாலும் போய்விடும்.

பெயர் வைக்கும்போதே யோசிக்க வேண்டியதும் உண்டு. ‘மேஜிக் மசாலா’ என்ற சொல்லுக்காக ஐடிசி நிறுவனம் நெஸ்லே மீது தொடுத்த வழக்கு, 2020இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தள்ளுபடியானது. ‘மேஜிக்’ என்பது பொருளைப் புகழும் பொதுச்சொல், அதை ஒருவரே வைத்துக்கொள்ள முடியாது என்றார்கள். அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்த நிலை என்றால், ‘அசல் பட்டு’, ‘சுத்த ஜரிகை’ என்று பெயர் வைத்துவிட்டு நாம் எதைக் காப்பாற்றுவது?

விற்றவர் நிறுத்தாவிட்டால் வக்கீல் நோட்டீஸ். ஆதாரம் கையில் இல்லாமல் மிரட்டினால் அவர் நம் மீதே வழக்குப் போடலாம், கவனம். பதிவான குறி என்றால் நாம் தொழில் செய்யும் ஊரின் மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். எதிராளி சூரத்தில் இருந்தாலும் சரி. போலிக் குறிக்கு ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. இணைய விற்பனைத் தளங்களில் பதிவு எண்ணோடு புகார் செய்தால் பெரும்பாலும் பக்கத்தை எடுத்துவிடுகிறார்கள். கைத்தறிக்கென ஒதுக்கிய ரகத்தை யாராவது விசைத்தறியில் நெய்தால், கைத்தறி ரக ஒதுக்கீட்டுச் சட்டம், 1985இன் கீழ் கைத்தறித் துறையின் அமலாக்கப் பிரிவிடமும் புகார் தரலாம்.

பதிவு 10 வருடத்துக்குத்தான், அதுவும் விண்ணப்பித்த தேதியிலிருந்து. தொடர்ந்து ஐந்து வருடத்துக்கு மேல் பயன்படுத்தாவிட்டால், அதனால் பாதிக்கப்படுகிறவர் நீக்கக் கேட்கலாம். அரசுக் கடிதம் போலவே பணம் கேட்டு வரும் தனியார் கடிதங்களை நம்பி ஏமாறாதீர்கள். நம் முகவரி பதிவேட்டில் எல்லோருக்கும் தெரியும்படி இருக்கிறது.

லேபிள் இல்லாமல் நெய்கிறவர்களும் ஒன்று செய்யலாம். காஞ்சிபுரம் பட்டின் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தங்கள் பெயரைத் தனியாகப் பதிய வேண்டும். 2020 முதல் அதற்கான விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய்தான். ஓரிக்கையில் இன்னும் பல வீடுகளில் இது தெரியாது. படிவம் நிரப்பத் தெரியவில்லை என்று யாரும் விட்டுவிட வேண்டாம், எங்கள் தறிக்கூடத்துக்கு வாருங்கள், உட்கார்ந்து நிரப்பிவிடலாம்.