வீட்டினுள் கறுப்புக் கண்ணாடி: பயனும் பண்பும்

மைசூரு நகரிலுள்ள ஜகன்மோகன அரண்மனை 1861-ஆம் ஆண்டு கட்டப்பட்டது. 1915 முதல் அது ஓவியக் கூடமாக விளங்கி வருகிறது. அங்குள்ள ஓவியங்களுள் மக்கள் பெரிதும் விரும்பிக் காண்பது, எஸ். எல். ஹல்தன்கர் என்பார் 1940-களில் நீர்வண்ணத்தில் தீட்டிய, விளக்கேந்திய மங்கையின் படமாகும். ஓவியரின் மகளே இதற்கு மாதிரியாக நின்றவர். ஒரு கையில் விளக்கு. மற்றொரு கை சுடரை மறைத்துக் காக்கிறது. விரல்களினிடையே கசியும் செவ்வொளி முகத்தில் படிகிறது. ஒளி குறைந்த அறையில் காண்போருக்கு, தாளில் எழுதிய சுடர் மெய்யாகவே எரிவது போலத் தோன்றும்.

நண்பகல் வெயிலில் நடந்து வந்த ஒருவர், தாம் அணிந்துள்ள கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல் இப்படத்தின் முன் நின்றால், அவர் காண்பது மிகச் சிறிதே. தெருவில் அவருக்கு உதவிய கண்ணாடி அறைக்குள் அவர் பார்வையைக் கெடுக்கிறது. ஆயினும், அதே அறையில் அதே கண்ணாடி இல்லாமல் கண்ணைத் திறக்கவே இயலாத மற்றொருவரும் இருத்தல் கூடும். ஆகவே, வீட்டினுள்ளும் வகுப்பறையிலும் கறுப்புக் கண்ணாடி அணிவது தகுமா என்னும் கேள்விக்கு மரியாதையை மட்டும் கொண்டு விடை கூறுதல் போதாது. கண்ணின் இயல்பையும் அறிந்தே விடை கூற வேண்டும்.

ஒளியின் கணக்கு

ஒளியின் செறிவை லக்ஸ் என்னும் அலகால் அளப்பர். உச்சி வெயிலில் திறந்த வெளியில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் ஒளி விழுகிறது. நன்கு ஒளியூட்டப்பெற்ற வகுப்பறையில் சுமார் 300 லக்ஸ் இருக்கும். பன்னாட்டுத் தர அளவின்படி, வெயிலுக்கென்று பொதுவாக விற்கப்படும் மூன்றாம் வகைக் கண்ணாடிகள், தம்மீது படும் ஒளியில் நூற்றுக்கு 8 முதல் 18 பங்கு வரையே உள்ளே விடுகின்றன.

நூற்றுக்கு 15 பங்கு விடும் கண்ணாடி ஒன்றை எடுத்துக்கொள்வோம். வெயிலில் அதனை அணிந்தவர் கண்ணுக்கு 15,000 லக்ஸுக்கு ஒப்பான ஒளி எட்டுகிறது. இது வகுப்பறை ஒளியைப் போல் 50 மடங்கு. பார்வைக்கு யாதொரு குறையும் இல்லை. வகுப்பறையிலோ 300 லக்ஸ், 45 லக்ஸாகக் குறைந்துவிடுகிறது. கரும்பலகை எழுத்தும், ஊசிக்காதும், மருந்துப் புட்டியின் மேலுள்ள சிறிய அச்சும் அவ்வொளியில் தெளிவாகத் தெரியா.

நூற்றுக்கு 3 முதல் 8 பங்கு மட்டும் ஒளிவிடும் நான்காம் வகைக் கண்ணாடி, பனிமலை போன்ற இடங்களுக்கு உரியது. அதனை அணிந்து பகலிலும் வண்டி ஓட்டலாகாது.

கண்ணின் வேலை

கண்ணின் பாவை, ஒளி மிகுந்தவிடத்து ஏறத்தாழ 2 மில்லிமீட்டராகச் சுருங்கும்; இருளில் 8 மில்லிமீட்டர் வரை விரியும். இஃது ஒரு நொடியில் தொடங்கிவிடும் செயல். விழித்திரை இருளுக்குப் பழகுவதோ மெல்ல நிகழ்வது. பகற்பார்வைக்கும் நிறவுணர்வுக்கும் உரிய கூம்பு உயிரணுக்கள் சுமார் 10 நிமிடங்களில் பழகிவிடுகின்றன. மங்கலொளியில் உதவும் கோல் உயிரணுக்கள் ரோடாப்சின் என்னும் நிறப்பொருளை மீண்டும் ஆக்கிக்கொண்டு முழுமையாகப் பழகுவதற்கு அரை மணிக்கு மேலும் ஆகும்.

வெயிலிலிருந்து திண்ணை கடந்து உள்ளறைக்குச் செல்பவர் சிறிது நேரம் குருடர் போல் தடுமாறுவது இதனாலேயே. வெளியே கறுப்புக் கண்ணாடி அணிந்திருந்து, வாயிலில் அதனைக் கழற்றுபவர் அவ்வளவு தடுமாறுவதில்லை. அவர் கண் முன்னரே ஓரளவு மங்கலுக்குப் பழகியிருக்கிறது. கழற்றாமலே உள்ளே நுழைபவர் இந்நன்மையை இழக்கிறார். தானியக் கிடங்கிலும் பட்டுப்புழு வளர்க்கும் மனையிலும் படியும் பள்ளமும் தெரியாமல் கால் இடறுவது அவருக்கு எளிது.

நிறத்திலும் பிழை நேரும். பழுப்புக் கண்ணாடி நீலத்தைக் குறைத்துக் காட்டும். சாம்பல் நிறக் கண்ணாடி எல்லா நிறங்களையும் ஏறத்தாழ ஒரே அளவில் குறைக்கும். 1912-இல் தொடங்கப்பெற்ற மைசூருப் பட்டுத் தறிச்சாலையின் புடவைகளைத் தேர்ந்தெடுப்பவர் கண்ணாடியைக் கழற்றாவிட்டால், கருநீலத்தைக் கறுப்பென்று கொள்ளக்கூடும். இலையின் மஞ்சள் நோயைச் சோதிக்கும் வேளாண் பணியாளருக்கும், மருந்து கலந்த நீரின் நிறமாற்றத்தைப் பார்ப்பவருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

வேண்டியவர் யார்?

கறுப்புக் கண்ணாடியை வீட்டினுள்ளும் அணிய வேண்டியவர் பலர் உளர். கண்புரை அறுவை செய்துகொண்டவர் மருத்துவர் குறித்த நாள்வரை அணிவர். கண்ணைச் சோதிப்பதற்காகப் பாவையை விரிக்கும் சொட்டு மருந்து இட்டுக்கொண்டவருக்குச் சில மணி நேரம் கூச்சம் இருக்கும். தோலிலும் கண்ணிலும் நிறப்பொருள் குறைந்து பிறந்த குழந்தைகளுக்கும், கருவிழித்திரை இன்றிப் பிறந்தோருக்கும், கூம்பு உயிரணுக்கள் செயற்படாதோருக்கும் சாதாரண அறை வெளிச்சமே கண்ணைக் கூசச் செய்யும். பார்வை இழந்தோர் பலரும் கண்ணைக் காத்துக்கொள்ள அணிகின்றனர். தமிழகத்தின் முதலமைச்சராயிருந்த மு. கருணாநிதி, மோட்டார் விபத்தில் கண்ணில் அடிபட்டமையால், சட்டசபையிலும் மேடையிலும் பல்லாண்டுகள் கறுப்புக் கண்ணாடியுடனே விளங்கினார் என்பது யாவரும் அறிந்தது.

வெயிலில் கறுத்து நிழலில் வெளுக்கும் கண்ணாடிகளும் இன்று வழக்கில் உள்ளன. இவை உள்ளே வந்தபின் முழுதும் வெளுக்கச் சில நிமிடங்கள் ஆகும். அணிந்தவர் செருக்கினால் கழற்றவில்லை என்று எண்ணுவது பிழை.

‘மெட்ராஸ் ஐ’ எனப்படும் கண்நோய் கண்டவரைப் பார்த்தாலே நோய் தொற்றும் என்ற எண்ணம் தவறானது. கையாலும் துண்டாலும் தலையணையாலுமே அது பரவுகிறது. கறுப்புக் கண்ணாடி நோயாளிக்குக் கூச்சத்தைத் தணிக்குமேயன்றிப் பிறரைக் காவாது. கையைச் சோப்பிட்டுக் கழுவுதலே காப்பு.

மருந்தே நோயாதல்

கண் நலமாயுள்ளவர் நாள் முழுவதும் அறைக்குள் கறுப்புக் கண்ணாடி அணிந்தால், விழித்திரை இருளுக்கே பழகிப்போகும். பின்னர்ச் சாதாரண ஒளியும் கூசும். கூசுவதால் மேலும் கறுத்த கண்ணாடியைத் தேடுவர். ஒற்றைத் தலைவலி உடையோரிடம் இத்தகைய சுழல் ஏற்படுவதை மருத்துவர்கள் கண்டுள்ளனர். ஆகவே காரணம் அறியாத கண்கூச்சம் சில நாட்களுக்கு மேல் நீடித்தால், கடையில் கண்ணாடி வாங்குவதை விடுத்துக் கண் மருத்துவரை நாட வேண்டும். கண் சிவந்து, வலியும் பார்வை மங்கலும் சேர்ந்திருந்தால் அன்றே செல்லுதல் வேண்டும்.

பண்பின் காரணம்

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிப் பேசுவது மரியாதை என்னும் வழக்கத்திற்கும் அடிப்படை உண்டு. பேசுவோர் ஒருவர் கண்ணை ஒருவர் நோக்கியே ஐயம், இசைவு, வருத்தம் ஆகியவற்றை அறிகின்றனர். கண் மறைந்தால் கேட்பவர் தம்மை எவரோ ஒளிந்திருந்து பார்ப்பதாக உணர்வார். கிராமத்து வீட்டில் குழந்தையின் நோயைப் பற்றியோ கடனைப் பற்றியோ விசாரிக்கும் பணியாளர், கண்ணை மறைத்துக்கொண்டு மெய்யான விடையைப் பெறுவது அரிது.

காது கேளாத மாணவருக்கு இது இன்னும் முக்கியமானது. மைசூருவின் மானசகங்கோத்ரியில் அகில இந்தியப் பேச்சு, செவிப்புல நிறுவனம் உள்ளது. அத்தகைய இடங்களில் பயிலும் பிள்ளைகள் உதட்டையும் முகத்தையும் சேர்த்தே படிக்கின்றனர். பல சைகை மொழிகளில் புருவத்தின் அசைவே ஒரு வாக்கியத்தைக் கேள்வியாக்குகிறது. ஆசிரியரின் கண்ணாடி அங்கே பாடத்தின் ஒரு பகுதியையே மறைத்துவிடும்.

எனினும், காரணம் கேளாமல் குறை கூறுவது பண்பன்று. 2015-ஆம் ஆண்டு பஸ்தர் மாவட்ட ஆட்சியர் ஒருவர் கறுப்புக் கண்ணாடியுடன் பிரதமரை வரவேற்றதற்காக, நடத்தை விதிகளைக் காட்டி மாநில அரசு அவருக்கு எச்சரிக்கை அனுப்பியது. நாடெங்கும் அது விவாதிக்கப்பட்டது. அது திறந்த வெளியில், கோடை வெயிலில் நிகழ்ந்தது. அதிகாரியாயினும் இவ்வளவு பேச்சுக்கு இடமானபோது, வகுப்பில் அனைவர் முன்னிலையிலும் “கண்ணாடியைக் கழற்று” என்று அதட்டப்படும் ஒரு சிறுவனின் நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவன் கழற்றினால் கரும்பலகை தெரியாது. கழற்றாவிட்டால் கீழ்ப்படியாதவன் ஆவான். இவ்வாறு சில முறை நேர்ந்தால் அவன் பள்ளிக்கே வாராதொழிவான். மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, குறைந்த பார்வையையும் குறைபாடுகளுள் ஒன்றாகக் கொண்டு, தக்க வசதி செய்து தருமாறு கூறுகிறது. அச்சிறுவனின் கண்ணாடி அவ்வசதியே ஆகும்.

வகுப்பிற்கு ஒரு சோதனை

ஒரே சன்னலுள்ள அறையில் சன்னலுக்கு எதிர்ச் சுவரில் ஒரு தாளை ஒட்டுக. வரிக்கு வரி சிறுத்துச் செல்லும் எழுத்துக்களை அதில் எழுதுக. அருகே கறுப்பு, கருநீலம், கரும்பச்சை, அரக்கு நிற நூல்களைத் தொங்கவிடுக. மாணவர் மூன்று மீட்டர் தொலைவில் நின்று, முதலில் வெறுங்கண்ணாலும் பின்னர்க் கறுப்புக் கண்ணாடி அணிந்தும் படித்து, எத்தனை வரி தெரிந்தது, எந்த நூல்கள் மயங்கின என்று குறித்துக்கொள்ளட்டும். சன்னலை அரைப்பங்கு மூடி மீண்டும் செய்க. எந்தக் கறுப்புக் கண்ணாடியைக் கொண்டும் சூரியனை நேரே நோக்கலாகாது என்பதை முதலிலேயே எச்சரித்துவிட வேண்டும்.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. கண் நலமுடையோர் வாயிலிலேயே கண்ணாடியைக் கழற்றுக. பார்வை தெளியும் வரை சிறிது நின்று உள்ளே செல்க.

2. கண்ணின் பொருட்டு அணிந்திருப்பவர், “மருத்துவர் சொற்படி அணிந்திருக்கிறேன்” என்று ஒரு வார்த்தை கூறினால் ஐயம் தீரும். அவ்வாறு கூறும் கடமை சிறுபிள்ளைக்கு இல்லை.

3. மாணவர் ஒருவர் கண்ணாடி அணிந்து வந்தால், ஆசிரியர் தனியே அழைத்துக் கேட்க வேண்டும். பெற்றோரிடமும் விசாரிக்க வேண்டும். அவரைச் சன்னலுக்கு முதுகு காட்டி, கரும்பலகைக்கு அருகே அமர்த்துக.

4. வாங்கும்போது கருமையைக் கண்டு மயங்கற்க. புற ஊதாக் கதிர்களைத் தடுப்பது கருமையன்று. கண்ணாடியின் பொருளும் பூச்சுமே. அவற்றைத் தடுக்காத கருங்கண்ணாடியின் பின்னே பாவை விரிவதால், வெயிலில் கேடு மிகுதல் கூடும்.

சுடர் தெரிய வேண்டிய இடத்தில் கண்ணாடியைக் கழற்றுவதும், சுடரே கூசும் கண்ணுக்கு அதனை அனுமதிப்பதும் ஒரே அறிவின் இரு செயல்களாம். இவ்விரண்டையும் பிரித்தறியும் ஆசிரியரின் வகுப்பில், ஒளி தாங்காத குழந்தையும் முன்வரிசையில் அமர்ந்து எழுத்தறியும்.