அவெய்ட் போட்டால் வேகம் வந்துவிடுமா?

ஃபங்ஷனுக்கு முன்னால் ‘ஏசிங்க்’, உள்ளே ‘அவெய்ட்’ என்று எழுதிவிட்டால் டேட்டா வேகமாக வந்து சேரும் என்ற நம்பிக்கை ஜாவாஸ்கிரிப்ட் எழுதுகிறவர்களிடம் ஊறிப்போயிருக்கிறது. 2017இல் மொழியின் தரநிலைக்குள் வந்த இந்தச் சொற்கள், 2015இல் வந்த பிராமிஸை மேலிருந்து கீழாகப் படிக்கும்படி எழுத வழி செய்தன. படிக்க எளிதானது, வேகத்துக்கு அவை பொறுப்பேற்கவில்லை. சொல்லப்போனால், அவெய்ட் அந்த ஃபங்ஷனை அதே வரியில் நிறுத்திவைக்கிறது. ஒரு டாஷ்போர்டுக்குப் பயனர் விவரம், ஆர்டர்கள், அறிவிப்புகள் மூன்றும் வேண்டும், ஒவ்வொன்றுக்கும் 300 மில்லி விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்தடுத்து மூன்று அவெய்ட் போட்டால், முதல் பதில் வந்த பிறகே இரண்டாவது கோரிக்கை கிளம்பும், மொத்தம் 900. மூன்றையும் சேர்த்து அனுப்பிவிட்டு ‘பிராமிஸ்.ஆல்’ மூலம் காத்திருந்தால் ஏறக்குறைய 300இல் வேலை முடியும். பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் பகுதியைத் திறந்தால், முதல் முறையில் பட்டைகள் படிக்கட்டாக இறங்குவதும் இரண்டாவதில் ஒரே இடத்தில் தொடங்குவதும் கண்ணுக்கே தெரியும்.

‘ஆல் போட்டால் ஒன்று தோற்றாலும் எல்லாம் போய்விடுமே’ என்பார்கள். சரிதான், அதற்குத்தான் 2020இல் ‘பிராமிஸ்.ஆல்செட்டில்டு’ வந்தது. அறிவிப்பு வராவிட்டாலும் ஆர்டர் பட்டியலைக் காட்டிவிடலாம். (தோல்வி என்பதிலும் ஒரு பொறி உண்டு: சர்வர் 404, 500 என்று பதில் தந்தாலும் ஃபெட்ச்சுக்கு அது தோல்வியே அல்ல. இணைப்பு அறுந்தது போன்ற சமயங்களில்தான் பிராமிஸ் நிராகரிக்கப்படும். பதிலின் ‘ஓகே’ மதிப்பைப் பார்ப்பது நம் வேலை.) பயனர் எண் கிடைத்தால்தான் ஆர்டரைக் கேட்க முடியும் என்றால் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திருப்பதைத் தவிர வழியில்லை; அங்கே அவெய்ட் மீது குற்றமில்லை.

‘எப்படியானாலும் திரை உறையாதே’ என்ற வாதம் பாதிதான் நிற்கும். பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் உறையாது. ஆனால் வந்து சேர்ந்த லட்சம் வரிசைகளைக் கூட்டிக் கழிக்கும் லூப், ஏசிங்க் ஃபங்ஷனுக்குள் இருந்தாலும் அதே மெயின் த்ரெட்டில்தான் ஓடும். அது முடியும்வரை எந்தப் பட்டனை அழுத்தினாலும் பக்கம் அசையாது. அந்தக் கணக்கை வெப் வொர்க்கரிடம் தள்ளிவிட வேண்டும்.

உங்கள் கோடில் அடுத்தடுத்து நிற்கும் அவெய்ட் வரிகளைத் தேடிப் பாருங்கள். இரண்டாவது வரிக்கு முதல் வரியின் விடை தேவைப்படவில்லை என்றால், இரண்டையும் சேர்த்தே அனுப்பிவிடுங்கள்.