மனையின் அடக்க விலை தெரியுமா?

குழு நோட்டில் பத்து ரூபாய் குறைந்தாலும் கேட்டு விடுவோம். ஆவடியிலோ பூந்தமல்லியிலோ வாங்கிப் போட்ட மனைக்கு மொத்தம் எவ்வளவு ஆச்சு என்றால், நிலத்துக்குக் கொடுத்த விலையை மட்டும் சொல்கிறோம்.

ஒரு கணக்குப் போடுவோம். 2009-ல் மனை விலை 2,00,000 ரூபாய். முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் 20,000. பிறகு எழுப்பிய சுற்றுச்சுவர் 60,000. ஆக அடக்கம் 2,80,000. இன்று 12,00,000-க்கு விற்றால் லாபம் 9,20,000தான். மற்ற இரண்டையும் விட்டுவிட்டால் 10,00,000 என்று ஆகும். 12.5 சதவீத வரியில் 10,000 ரூபாய் வீண். சுவர் கட்டிய ரசீதை யார் பத்திரமாக வைக்கிறோம், சொல்லுங்கள்!

2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய மனைக்கு, விலைவாசி உயர்வைச் சேர்த்து 20 சதவீதம் கட்டும் முறையும் உண்டு. எது குறைவோ அது. அதற்கும் எந்த வருஷம் என்ன செலவு என்று தெரிய வேண்டும்.

கம்ப்யூட்டரில் கணக்கு எழுதும் பிள்ளைகள் சுவரை ‘வீட்டுச் செலவு’ என்று போட்டு விடுவார்கள். மனையின் பெயரிலேயே தேதியோடு ஏற்றச் சொல்லுங்கள். வருஷா வருஷம் கட்டும் வரி இதில் சேராது.

அம்மாவிடமிருந்து வந்த மனை என்றால் அம்மா வாங்கிய விலைதான் அடக்கம். 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கியது என்றால், வழிகாட்டி மதிப்பைத் தாண்டாமல் அன்றைய மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். அம்மாவின் பத்திரத்தை டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து, இந்த வாரமே ஒரு ஜெராக்ஸ் போட்டு வையுங்கள்.