பாத்திரப் பண்பைச் சான்றுடன் எழுதுதல்



"இக்கதையில் வரும் பாத்திரத்தின் பண்புகளைச் சான்றுகள் தந்து விளக்குக" என்ற வகையிலான வினா உங்களுக்குப் புதியதன்று. ஆயினும் விடைத்தாள்களைத் திருத்தும்போது எந்தக் கதைக்கும் ஒரே சொற்களே வந்து நிற்கின்றன. நல்லவர், இரக்கம் உள்ளவர், குடும்பப் பற்று மிக்கவர், நேர்மையானவர். கதையின் பெயரை மறைத்துவிட்டு இந்த விடையைப் பார்த்தால் அது எந்தப் பாத்திரத்தைப் பற்றியது என்று எவராலும் சொல்ல முடியாது. கதையை வாசிக்காத ஒருவரும் எழுதக்கூடிய விடைக்குப் பரீட்சகர் எதற்காகப் புள்ளி இடவேண்டும்?

பண்பு என்பது நீங்கள் வழங்கும் தீர்ப்பு. சான்று என்பது அத்தீர்ப்புக்கான சாட்சி. சாட்சி இல்லாமல் தீர்ப்பு எழுதினால் அது வெறும் அபிப்பிராயம். இதனை ஒரு கதையை வைத்தே பார்ப்போம். புதுமைப்பித்தன் (1906 - 1948) எழுதிய "கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்" என்ற சிறுகதையை எடுத்துக்கொள்கிறேன். உங்கள் பாடநூலில் வேறு கதை இருக்கலாம், முறை ஒன்றுதான்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் வசிக்கும் கந்தசாமிப் பிள்ளை ஒரு சித்த வைத்திய சஞ்சிகையை நடத்துபவர். வசதி குறைந்தவர். தெருவில் நிற்கும் அவரிடம் ஒருவர் திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கிறார். வழி கேட்டவர் கடவுள். இருவரும் கோப்பி குடிக்கிறார்கள். பின் பிள்ளையின் வீட்டுக்கே கடவுள் விருந்தாளியாகப் போகிறார். மனிதரோடு வாழ்ந்து பார்க்க முயன்று, இயலாமல், இறுதியில் மறைந்துவிடுகிறார்.

இனிக் கதையின் தொடக்கத்தைக் கவனியுங்கள். ட்ராமில் போனால் எவ்வளவு மிஞ்சும், அந்த மிச்சத்தில் வெற்றிலை போடலாமா, பஸ்ஸில் ஏறிக் கண்டக்டரை ஏமாற்றிக் கொஞ்சத் தூரம் கடந்துவிட்டால் அரைக் கோப்பை கோப்பிக்குக் காசு தேறுமா என்று பிள்ளை மனத்துக்குள் கணக்குப் போடுகிறார். இந்த இடத்தை வாசித்த உடனே "பிள்ளை ஓர் ஏமாற்றுக்காரர்" என்று எழுதிவிடும் மாணவர் பலர். பொறுங்கள். அவர் அங்கே யாரை ஏமாற்றினார்? கதை அந்த இடத்தில் நமக்குக் காட்டுவது அவருடைய எண்ணத்தை மட்டுமே. எண்ணமும் சான்றுதான், ஆனால் அது எண்ணத்துக்குத்தான் சான்று, செயலுக்கு அன்று. அந்த இடத்தை வைத்து உறுதியாக எழுதக்கூடியது இவ்வளவுதான்: காலணாவையும் எண்ணிப் பார்த்துச் செலவழிக்கவேண்டிய நிலையில் உள்ளவர், அந்த நெருக்கடி அவருடைய நேர்மையையும் சற்று அசைத்துப் பார்க்கிறது. "ஏமாற்றுக்காரர்" என்ற ஒற்றைச் சொல்லை விட இது எவ்வளவு நுட்பமானது என்பதைப் பாருங்கள். ஒரு மனிதரைப் பற்றி இல்லாத பழியைச் சொல்லாமலும் தப்பித்துக்கொள்கிறோம். கதையில் வரும் மனிதர்தானே என்று அலட்சியமாக இருக்கவேண்டாம். வாழ்க்கையில் அயலவரைப் பற்றிப் பேசும்போதும் இதே அவசரம்தான் நம் வாயில் வருகிறது.

அடுத்தது, கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம். கடவுள் தம் தெய்வக் கோலத்தில் நின்று வரம் தர முன்வருகிறார். பிள்ளை வாங்க மறுத்துவிடுகிறார். வரம் தந்தவர் தம்பாட்டில் போய்விடுவார், பிறகு இன்னொரு தெய்வம் வந்து தலையைக் கேட்கும், அந்த ஆபத்து தமக்கு வேண்டாம் என்பது அவர் சொல்லும் காரணம். தம்முடன் பழகவேண்டுமானால் மனிதரைப் போலவே நடந்துகொள்ளவேண்டும் என்று கடவுளுக்கே நிபந்தனையும் போடுகிறார். இதே பிள்ளைதான் தம் சஞ்சிகைக்கு வாழ்நாள் சந்தாவாக இருபத்தைந்து ரூபாவைக் கடவுளிடம் கேட்பவர்!

இவ்விரு சம்பவங்களில் சந்தாவை மட்டும் எடுத்தால் பிள்ளை பேராசைக்காரர் ஆகிவிடுவார். வரத்தை மறுத்ததை மட்டும் எடுத்தால் பற்றற்ற ஞானி ஆகிவிடுவார். இரண்டும் பிழை. நல்ல எழுத்தாளர் படைத்த பாத்திரங்களில் இப்படி ஒன்றோடொன்று மோதும் சம்பவங்கள் இருக்கும். உங்கள் தீர்ப்புக்கு ஒத்துவராத சம்பவத்தை மறைத்து எழுதாதீர்கள். அதையும் விடைக்குள் கொண்டுவந்து, இரண்டும் எப்படி ஒரே மனிதருக்குள் இருக்கின்றன என்று காட்டுங்கள். சந்தாவுக்குச் சஞ்சிகை கிடைக்கும். அது கொடுக்கல் வாங்கல். வரத்துக்குப் பதிலாக எதைக் கொடுக்க நேரும் என்பது தெரியாது. இப்படிப் பார்த்தால் பிள்ளை தாம் உழைத்துத் தரும் பொருளுக்குக் கூலி கேட்கக் கூச்சப்படாதவர், கணக்குத் தெரியாத கொடைக்கு அஞ்சுபவர் என்று எழுதலாம்.

"அப்படியென்றால் அவர் வரத்தை மறுத்தது தன்மானத்தாலா, பயத்தாலா?" என்று ஒரு மாணவி கேட்டாள். மிக நல்ல கேள்வி. பிள்ளை தம் வாயால் சொல்லும் காரணம் எச்சரிக்கை உணர்வுதான். ஆகவே "எச்சரிக்கை மிக்கவர்" என்று உறுதியாக எழுதலாம். தன்மானம் என்பது நாம் ஊகிப்பது. ஊகம் கூடாது என்பதில்லை. அதற்கு இன்னொரு சான்று துணைக்கு வேண்டும். கடவுளுக்கு முன் கைகட்டி நிற்காமல் நிபந்தனை போட்டதைத் துணைக்கு எடுக்கலாம். கதையின் முடிவையும் எடுக்கலாம்: கடவுள் மறைந்தபின் பிள்ளை அழுது புலம்பவில்லை, கணக்குப் புத்தகத்தை எடுத்து, கடவுளுக்கும் ஒரு "பிள்ளை"ப் பட்டம் கொடுத்து, சந்தா வரவு வைக்கிறார். இவ்வளவையும் காட்டிய பிறகு "தன்மானம் உள்ளவர் எனக் கொள்ள இடமுண்டு" என்று எழுதுங்கள். சான்று பலமாக இருக்கும் இடத்தில் "ஆவார்" என்றும், ஊகமாக இருக்கும் இடத்தில் "எனக் கொள்ளலாம்" என்றும் எழுதும் மாணவரின் விடை தனியாகத் தெரியும்.

பிறர் கூற்றைச் சான்றாகக் காட்டும்போது சொல்பவர் யார் என்பதையும் பார்க்கவேண்டும். முடிவில், மனிதரோடு சேர்ந்து வாழ்வது முடியாத காரியம் என்ற கருத்தில் கடவுள் பேசுகிறார். கடவுளே சொல்லிவிட்டார் என்று அதை அப்படியே தீர்ப்பாக எடுக்கலாமா? இந்தக் கதையில் அவரும் ஒரு பாத்திரம். தம் முயற்சியில் தோற்றுப்போன பாத்திரம். பிள்ளை உடனே திருப்பிக் கொடுக்கும் பதிலையும் சேர்த்து வாசித்தால்தான் அந்தப் பேச்சின் எடை விளங்கும்.

துணைப் பாத்திரங்களுக்கு இவ்வளவு தேவையில்லை. கடவுள் ஆடிக்காட்டிய நடனத்தையே சாஸ்திரப்படி அமையவில்லை என்று ஒதுக்கிவிடும் ஒரு திவான் பகதூர் இக்கதையில் வருகிறார். அவரைக் காட்ட அந்த ஒரு சம்பவம் போதும்.

விடையில் ஒரு பந்தி எப்படி அமையலாம் என்பதற்கு ஒரு மாதிரி:

"கந்தசாமிப் பிள்ளை வறுமையிலும் எச்சரிக்கையைக் கைவிடாதவர். காலணா மிச்சத்துக்காகக் கணக்குப் பார்க்கும் நிலையில் இருந்தும், கடவுள் வலிய வந்து தந்த வரத்தை, பின்னால் தலைக்கு ஆபத்து வரும் என்று கூறி மறுத்துவிடுகிறார். வறியவர் எதையும் வாங்கிக்கொள்வார் என்ற நம் எதிர்பார்ப்பை இச்சம்பவம் முறியடிக்கிறது."

முதல் வாக்கியம் பண்பு. இரண்டாவது சம்பவம், அது நிகழ்ந்த சூழலோடு. மூன்றாவது, அந்தச் சம்பவம் அந்தப் பண்பை எப்படி வெளிக்காட்டுகிறது என்ற விளக்கம். பெரும்பாலானோர் இரண்டாவதோடு நிறுத்திவிடுகிறார்கள். கதையைத் திருப்பிச் சொன்னதோடு விடை முடிந்துவிடுகிறது. மேற்கோள் நீளமாக இருக்கவேண்டும் என்றும் இல்லை. பாத்திரம் பேசிய இரண்டு மூன்று சொற்கள் சரியான இடத்தில் வந்தால் போதும். நினைவில் இல்லாத வாக்கியத்தை நீங்களே ஆக்கி மேற்கோள் குறிக்குள் போடவேண்டாம். சம்பவத்தை உங்கள் நடையில் எழுதினால் அதுவும் சான்றே.

பயிற்சி: உங்கள் பாடநூலில் உள்ள கதையொன்றில் உங்களுக்குச் சற்றும் பிடிக்காத பாத்திரம் ஒன்றைத் தெரிவுசெய்க. அப்பாத்திரத்தின் குறையொன்றை ஒரு சம்பவத்தின் மூலம் நிறுவி ஒரு பந்தி எழுதுக. பின்னர், அக்குறைக்கு மாறான சம்பவம் அதே கதையில் உண்டா எனத் தேடி, இருப்பின் முதற் பந்தியை அதற்கேற்ப மாற்றி எழுதுக.