புழக்கடைத் தோட்டமும் பினாங்கு மழையும்

பூமத்திய ரேகைக்குச் சற்று வடக்கே, பனியும் குளிரும் எட்டிப்பாராத இத்தீவில், வருஷம் முழுவதும் பயிர்க்காலமே என்று புதிதாக மண்வெட்டி எடுப்பவர்கள் எண்ணுவது இயற்கைதான். கங்கோங்கும் தண்டுக்கீரையும் அந்த எண்ணத்தைப் பொய்யாக்குவதுமில்லை. ஆயினும், ஜார்ஜ் டவுனில் பழைய கடைவீடொன்றின் பின்கட்டில் நெடுங்காலமாகக் காய்கறி வளர்த்துவரும் என் அனுபவத்தில், மிளகாய், தக்காளி, கத்தரி ஆகியவற்றுக்கு இவ்வூரில் வாய்க்கும் பருவம் குளிர்தேசத்துக் கோடையளவே குறுகியது. அங்கே உறைபனி விதிக்கும் எல்லையை இங்கே மழை விதிக்கிறது.

செப்டம்பரிலும் அக்டோபரிலும் உச்சத்தை அடையும் மழை நவம்பரிலும் எளிதில் விடுவதில்லை. 2017 நவம்பர் தொடக்கத்தில் ஓர் இரவில் தீவையே கலக்கிய வெள்ளத்தை இங்குள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பிறகு, வடகிழக்குப் பருவக்காற்று கிளந்தானையும் திரங்கானுவையும் நனைத்துக்கொண்டிருக்கையில், இடையே நிற்கும் தித்திவாங்சா மலைத்தொடர் அம்மழையின் பெரும்பகுதியைத் தடுத்துவிடுவதால், டிசம்பர் நடுவிலிருந்து மார்ச் வரை நமக்கு வெயில் கிட்டுகிறது; தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குக் காவடி செல்லும் சாலை கால் பொசுக்குவதும் இதனாலேயே. ஏப்ரலில் மீண்டும் மழை. ஆகவே, நம் முன்னோர் தமிழகத்திலிருந்து விதையோடு கொண்டுவந்த ஆடிப்பட்டம் இங்கே பிரயோஜனப்படாது. ஆடியில் விதைத்தது ஐப்பசியில் அழுகும். கார்த்திகையில் நட்டுப் பங்குனிக்குள் பறித்து முடிப்பதே நான் கடைப்பிடிக்கும் பட்டம்.

இதற்கு நாட்களைப் பின்னிருந்து எண்ண வேண்டும். மிளகாய் நாற்று நடுவதற்குப் பக்குவமாக ஐந்தாறு வாரமும், நட்டபின் காய்க்க ஏறக்குறைய இரண்டரை மாதமும் ஆகுமாதலால், பிப்ரவரியில் பறிக்க விரும்புகிறவர் அக்டோபரில், வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்கும்போதே, விதைத்தாக வேண்டும். கடைவீடுகளுக்கே உரிய நடுமுற்றம் இவ்விடத்தில் பெரிய சௌகரியம். சாரல் படாமல், காலை வெளிச்சம் விழும் ஓரமாக நாற்றுத் தட்டுகளை வைத்து, தண்டு ஒருபுறம் சாய்ந்து நீளாதபடி தினமும் திருப்பி வைத்தால் போதும். அதே வாரங்களில், சந்தையில் பழம் வந்திறங்கும் பாலிஸ்டிரீன் பெட்டிகளைச் சேகரித்து, அடியில் துளையிட்டு, மண்ணுடன் மக்கிய கோழி எருவைக் கலந்து, நடுவதற்கு இரண்டு வாரம் முன்பே டோலமைட் சுண்ணாம்பும் தூவிவிடலாம். ஓயாத மழையில் கரைந்து புளித்துப்போகும் நம் மண்ணுக்கு அது அவசியம்.

தக்காளியைப் பற்றி எனக்குக் கடுமையான அபிப்பிராயம் உண்டு. இரவிலும் தணியாத புழுக்கத்தில் பூக்கள் பிஞ்சாகாமல் உதிரும். பூ தப்பினாலும், மண்ணிலுள்ள பாக்டீரியா வேரில் நுழைந்து, காலையில் செழித்து நின்ற செடியை இலை மஞ்சளிக்கும் முன்பே பச்சையாக வாட்டிவிடும். கேமரன் மலையின் குளிர்ந்த இரவுகளில் விளைவதோடு போட்டியிடாமல், சிறு பழ ரகத்தைத் தேர்ந்து, தைவானிலுள்ள உலகக் காய்கறி மையம் பரிந்துரைப்பதுபோல் கத்தரி வேர்த்தண்டில் ஒட்டுக்கட்டிய நாற்றாக நடுவதே விவேகம்.

வெண்டையும் நீளப்பயறும் இத்தனை உபசாரம் கேட்பதில்லை. நேரே விதைத்தால் ஏறத்தாழ 50 நாளில் காய் தரும். ஆனால் கடைசி விதைப்பு ஜனவரியைத் தாண்டலாகாது. இடைவெளிகளில் ஒரு மாதத்தில் அறுவடையாகும் கீரைகளை விதைத்துக்கொள்ளலாம்.

சித்திரை மழைக்குப் பிறகும் காய்த்து நிற்கும் கத்தரியைப் பிடுங்க மனம் வராதவர்கள், அதைக் கவாத்து செய்து கூரையோரம் நகர்த்திக்கொள்ளட்டும். மிளகாய்க்கு அந்தச் சலுகை வேண்டாம். பழத்தில் குழிந்த கரும்புள்ளி தோன்றிவிட்டால் அழுகல் நோய் மழைத்துளி தெறிக்கும் இடமெல்லாம் பரவுமாகையால், செடியை வேரோடு எடுத்துக் குப்பையில் கட்டிப் போட வேண்டும், உரக்குழியில் சேர்க்கலாகாது. காலியான பெட்டியில் கங்கோங் தண்டுகளை ஊன்றிவிடுங்கள். அக்டோபர் வரை அது மழையைக் குடித்துக்கொண்டே தழைக்கும்.