தூக்கின கைகள் எங்கே?

இந்தப் பாடத்திலே ஒரு வாலிபருடைய வாழ்க்கையில் நடந்த 54 விநாடிகளைப் பற்றிச் சிந்திக்கப் போகிறோம். சூடான காப்பியை ஆற்றிக் குடிக்கிற நேரங்கூட இல்லை! ஆனாலும் அந்த 54 விநாடிக்கு முன்னே ஜனங்கள் அவரைப் பற்றிப் பேசின பேச்சு வேறு, பின்னே பேசின பேச்சு வேறு. அவரோ அதே ஆள்தான்.

அவர் பெயர் அமீர் கான். இந்தி நடிகர் அல்ல. இங்கிலாந்திலே போல்டன் என்ற ஊரில் 1986-ல் பிறந்த குத்துச்சண்டை வீரர்.

1. புகழ்ச்சி வந்த விதம்

2004-ல் ஏதென்ஸ் ஒலிம்பிக் நடந்தபோது, பிரிட்டனிலிருந்து குத்துச்சண்டைக்குத் தகுதி பெற்றவர் இவர் ஒருவர்தான். வயது 17. ஒவ்வொரு சுற்றாக ஜெயித்து இறுதிப் போட்டி வரைக்கும் போய்விட்டார். அங்கே கியூபாவின் மாரியோ கின்டெலானிடம் தோற்று வெள்ளிப் பதக்கம் பெற்றார். கின்டெலான் சிட்னியிலே ஏற்கெனவே தங்கம் வாங்கின அனுபவசாலி. தோற்றாலும் என்ன, தேசமே இந்தப் பையனைத் தோளில் தூக்கிக்கொண்டது!

2005-ல் தொழில்முறை வீரரானார். 18 சண்டை, 18 வெற்றி. "இவன் உலக சாம்பியன் ஆவானா?" என்று யாரும் கேட்கவில்லை. "எப்போது ஆவான்?" என்றுதான் கேட்டார்கள்.

இங்கே ஒரு காரியத்தைக் கவனியுங்கள். எச்சரிப்பு இல்லாமல் இல்லை. 2007-ல் வில்லி லிமண்ட் என்பவர் இவரைக் கீழே விழப்பண்ணினார். 2008 ஜூனில் மைக்கேல் கோமஸும் அப்படியே செய்தார். இரண்டு தரமும் எழும்பி ஜெயித்துவிட்டார். ஜெயித்தபடியால், விழுந்தது ஒரு பெரிய காரியமாகத் தெரியவில்லை. புகழ்ச்சியின் குணமே அதுதான். முடிவை மட்டும் காட்டும், ஓட்டையை மறைத்துவிடும்.

2. அந்த 54 விநாடி

2008 செப்டம்பர் 6, மான்செஸ்டர் நகரம். சொந்த ஊருக்குப் பக்கத்து அரங்கம். தனியாகப் பணம் கட்டிப் பார்க்க வேண்டிய தொலைக்காட்சி ஒளிபரப்பு. எதிரே நின்றவர் கொலம்பியாவைச் சேர்ந்த பிரெய்டிஸ் பிரஸ்காட். 19 சண்டையில் தோல்வியே இல்லாதவர். அதிலே 17 நாக்-அவுட். ஆனால் பொதுஜனங்களுக்கு அவர் பெயரே தெரியாது.

மணி அடித்தது. சற்று நேரத்துக்குள்ளே அமீர் கான் கீழே கிடந்தார். எழும்பினார், ஆனால் கால் நிற்கவில்லை. மறுபடியும் அடி, மறுபடியும் விழுந்தார். நடுவர் கையசைத்துச் சண்டையை நிறுத்தினார். 54 விநாடி, அவ்வளவுதான்! 21 வயது வாலிபர் தன் சொந்த ஜனங்களின் கண் முன்னே விழுந்து கிடந்தார்.

3. ஜனங்கள் செய்தது

சிலர் சிரித்தார்கள். "கண்ணாடித் தாடை" என்று பட்டம் கட்டினார்கள். தொட்டால் உடைந்துபோகிற தாடையாம்! இந்தப் பட்டம் கடைசி வரைக்கும் அவரை விடவில்லை. சிலர் குற்றவாளியைத் தேடினார்கள். இவ்வளவு பலமாய் அடிக்கிற ஆளோடு ஏன் மோதவிட்டீர்கள் என்று கேட்டார்கள். அந்தச் சண்டைக்குத்தான் புதிதாக வந்திருந்த பயிற்சியாளர் ஹோர்கே ரூபியோ நீக்கப்பட்டார். இன்னும் சிலர், "எனக்கு அப்பவே தெரியும்" என்றார்கள். அப்பவே தெரிந்திருந்தால் அப்பவே சொல்லியிருக்கலாமே!

ஜனங்கள் ஏன் இப்படிச் செய்கிறார்கள்? அளவுக்கு மிஞ்சின புகழ்ச்சி ஒரு கடன். பத்திரிகை, விளம்பரம், டிக்கெட் விற்கிறவர்கள், ரசிகர்கள் எல்லாரும் சேர்ந்து அந்தக் கடனை வாங்குகிறார்கள். ஆனால் திருப்பிக் கட்டுகிறது யார்? அந்த வாலிபர் ஒருவர்தான், அதுவும் வட்டியோடே! ஏமாந்துபோனோம் என்று ஜனங்களுக்குக் கோபம் வருகிறது. ஊதிப் பெரிதாக்கினவர்கள் மேல் அந்தக் கோபம் திரும்புகிறதில்லை. விழுந்தவன் மேல்தான் திரும்புகிறது.

4. இது புதிதல்ல

1936 ஜூன் 19. நியூயார்க்கிலே 22 வயது ஜோ லூயிஸ், தொழில்முறையில் தோல்வியே அறியாத கறுப்பின வீரர், ஜெர்மனியின் மாக்ஸ் ஷ்மெலிங்கிடம் 12-ஆம் சுற்றில் வீழ்ந்தார். கறுப்பின ஜனங்கள் தெருவிலே நின்று அழுதார்கள். தங்கள் அவமானம் எல்லாவற்றையும் மாற்றுவான் என்று அந்த வாலிபன் தோளில் அத்தனை பாரத்தையும் வைத்திருந்தார்கள். ஜெர்மனியிலே நாஜி அரசு இந்த வெற்றியைத் தன் இன வெறிக்கு விளம்பரமாக்கிக்கொண்டது.

காரணம் என்ன? ஷ்மெலிங், லூயிஸ் சண்டையிடும் படங்களைப் போட்டுப் போட்டுப் பார்த்திருந்தார். லூயிஸ் இடது கையால் குத்திவிட்டு அதைத் தாழ இறக்கிவிடுகிறார் என்று கண்டுகொண்டார். லூயிஸோ பயிற்சி நாட்களிலே கோல்ஃப் விளையாட்டில் நேரத்தை விட்டிருந்தார். இப்போது பாருங்கள். ஜனங்களின் அழுகையும் சரி, சிரிப்பும் சரி, அந்த இடது கையை ஒரு அங்குலங்கூட உயர்த்தவில்லை. பயிற்சிக்கூடத்தில் செய்த உழைப்புதான் உயர்த்தியது. 1938 ஜூன் 22-ல் அதே ஷ்மெலிங்கை லூயிஸ் 2 நிமிடம் 4 விநாடியில் வென்றார்.

5. எழும்பின விதம்

அமீர் கானும் அந்த வழிக்குத்தான் வந்தார். லாஸ் ஏஞ்சல்ஸ் போய் ஃப்ரெட்டி ரோச் என்ற பயிற்சியாளரிடம் சேர்ந்தார். ஊரிலே பேர்பெற்றவர், அங்கே போய் மாணவனாக நின்றார். 2009 ஜூலை 18-ல் ஆந்திரியாஸ் கோட்டெல்னிக்கைப் புள்ளிக்கணக்கில் வென்று, 22 வயதில் உலக சாம்பியன் ஆனார். எங்கே? அதே மான்செஸ்டரில், அதே அரங்கத்தில்! விழுந்து பதினோரு மாதங்கூட ஆகவில்லை.

தாடை மாறிவிட்டதா? இல்லை. 2010 டிசம்பரில் மார்க்கோஸ் மைதானா என்பவர் 10-ஆம் சுற்றிலே கொடுத்த அடியில் மறுபடியும் தள்ளாடினார். ஆனால் விழவில்லை, தாக்குப்பிடித்து நின்று அந்தச் சண்டையை ஜெயித்தார். தன் பலவீனம் இன்னதென்று தெரிந்த மனுஷன் அதோடேயே நிற்கக் கற்றுக்கொள்ளுகிறான். பிற்பாடும் தோல்விகள் வந்தன. 2022-ல் ஓய்வு பெற்றார். ஆறு தோல்வி, 34 வெற்றி.

அன்று ஜெயித்த பிரஸ்காட்டுக்கு என்ன ஆயிற்று? அடுத்த வருஷமே அவருக்கும் தோல்விகள் வந்தன. உலகப் பட்டம் அவர் கைக்கு எட்டவேயில்லை. 54 விநாடி ஒருவனை முடித்துவிடவும் இல்லை, இன்னொருவனை நிலைநிறுத்தவும் இல்லை.

6. நம்முடைய வீட்டுக்கு

பெற்றோரே, பெரியவர்களே! நம்ம பிள்ளை ஒரு பரீட்சையில் முதலாவது வந்தால் ஊரெல்லாம் சொல்லுகிறோம். பாட்டுப் பாடினால் உடனே மேடையில் ஏற்றிவிடுகிறோம். சந்தோஷப்படுகிறது தப்பல்ல. ஆனால் ஜெயித்த நாளிலே, "தம்பி, இந்த இடத்திலே தடுமாறினாயே, அதைச் சரிபண்ணு" என்று அன்பாய்ச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். தோற்ற நாளிலே பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து, "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்கவும் அதே ஆள் வேண்டும். கூட்டம் இந்த இரண்டையும் செய்யாது. கூட்டத்துக்குக் கைதட்டத் தெரியும், கைகொட்டிச் சிரிக்கத் தெரியும். இரண்டும் ஒரே கைகள்தான்.

சிந்திக்க:

அ. நான் புகழ்ந்த ஒரு பிள்ளைக்கு எப்போதாவது உண்மையைச் சொன்னதுண்டா?

ஆ. யாருடைய தோல்வியிலாவது உள்ளுக்குள்ளே மகிழ்ந்தேனா? ஏன்?

இ. இந்த வாரம் விழுந்து கிடக்கிற ஒரு வாலிபன் எனக்குத் தெரியுமா? அவன் வீட்டுக்கு நான் எப்போது போகப்போகிறேன்?