எண்ணெய் உறையும் காலம்: உதட்டைக் கவனியுங்கள்

மார்கழி முதல் மாசி வரை (தனு, மகரம், கும்பம்)

காலையில் குளிக்கப் போகும்போது தேங்காய் எண்ணெய்க் குப்பியைச் சரித்துப் பாருங்கள். எண்ணெய் வெள்ளையாகக் கட்டிப்பட்டு அசையாமல் நின்றால், இரவில் சூடு சுமார் 24 டிகிரிக்குக் கீழே இறங்கியிருக்கிறது. கொல்லயில், தனுவச்சபுரம், பாறசாலைப் பக்கத்து வீடுகளுக்கு இதைவிட நல்ல அறிவிப்பு வேண்டாம். அன்று இரவே உதட்டுக்கு எண்ணெய் போடத் தொடங்குங்கள்.

ஏன் வெடிக்கிறது?

நம் ஊர்க் குளிர் மூணாறுக் குளிரல்ல. இங்கே உதட்டைப் பிளப்பது குளிரைவிட வறட்சிதான். துலாமழை ஓய்ந்தபின் கிழக்கே மலையைத் தாண்டி வரும் காற்றில் ஈரம் குறைவு. உதட்டுத் தோலோ மிக மெல்லியது; வியர்வைச் சுரப்பி இல்லை, எண்ணெய்ப் பசையும் இல்லையென்றே சொல்லலாம். காய்ந்தவுடன் நாக்கு தானாக அங்கே போகும். எச்சில் ஒரு நிமிடம் இதமாக இருக்கும். பிறகு ஆவியாகும்போது உதட்டில் மிஞ்சிய ஈரத்தையும் கொண்டுபோய்விடும். சோற்றைச் செரிக்க வைக்கும் எச்சில் மெல்லிய தோலையும் அரிக்கும். ஆகவே இந்த மூன்று மாதமும் நாக்கை அடக்குவதே பாதி மருந்து.

இன்றே செய்ய வேண்டியவை

• படுக்கும் முன் நனைத்த மெல்லிய துணியால் உதட்டை ஒற்றியெடுங்கள். ஈரம் முழுதும் காய்வதற்குள் தேங்காய் எண்ணெய் பூசுங்கள். கட்டியான எண்ணெயை விரல்நுனியில் எடுத்து வைத்தால் உதட்டுச் சூட்டிலேயே உருகும். அதன்மேல் வாசலின் தடவினால் விடியும்வரை ஈரம் நிற்கும்.

• உரிந்து நிற்கும் தோலைப் பிய்க்காதீர்கள். பிய்த்தால் நல்ல தோலும் சேர்ந்து வரும், ரத்தம் கசியும். எண்ணெயில் ஊறித் தானே உதிரட்டும்.

• மார்த்தாண்டத்துத் தேன் வாங்குபவர்கள் தேன்மெழுகும் கேட்டுப் பாருங்கள். ஒரு பங்கு மெழுகு, நான்கு பங்கு எண்ணெய்; கொதிநீரில் கிண்ணத்தை வைத்து உருக்கிச் சிமிழில் ஊற்றினால், ஆறியதும் களிம்பு தயார். நேரடித் தீயில் வைக்க வேண்டாம்.

• தேனையே பூசினால் இனிப்பு நாக்கை இழுக்கும். ஒரு வயது நிரம்பாத குழந்தையின் வாயருகே தேன் கூடவே கூடாது.

• கற்பூரம், புதினா கலந்து குளுகுளுவென்றிருக்கும் களிம்புகளை வெடித்த உதட்டில் போடாதீர்கள், எரிச்சல் கூடும்.

ரப்பர் வெட்டுபவர்களுக்கு

விடியுமுன் நெற்றி விளக்கோடு தோட்டத்தில் இறங்கும் நீங்கள்தான் பனியையும் காற்றையும் அதிகம் வாங்குகிறீர்கள். கிளம்பும் முன் களிம்பு பூசி, துவர்த்துத் துண்டால் வாயை மறைத்துக் கட்டுங்கள். பாலெடுத்த கையாலும், ஷீட்டுக்கு ஆசிட் கலக்கிய கையாலும் உதட்டைத் தொடாதீர்கள். சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே தொடுங்கள். வெற்றிலை போடுகிறவர்கள் புண் ஆறும்வரையாவது சுண்ணாம்பையும் புகையிலையையும் விலக்குங்கள். புகையிலையை அப்படியே விட்டுவிட்டால் இன்னும் நல்லது.

பிள்ளைகளுக்கு

வாயைச் சுற்றி வட்டமாகச் சிவந்திருந்தால் அது நக்கி நக்கி வந்தது. அதட்டுவதில் பயனில்லை. பள்ளிக்குப் போகும் முன், வந்த பின், படுக்கும் முன் என மூன்று வேளை நீங்களே பூசிவிடுங்கள். உதடு காயாதிருந்தால் நாக்கு அதைத் தேடாது. குடிக்க இளஞ்சூட்டில் சீரகத் தண்ணீர் கொடுத்து அனுப்புங்கள். குளிர்காலத்தில் தாகம் தெரியாமல் தண்ணீர் குறைந்துபோகும்.

எப்போது மருத்துவரிடம் போவது?

வாயின் ஓரங்கள் திரும்பத் திரும்ப வெடித்தால் பூஞ்சைத் தொற்றோ, இரும்புச்சத்து, பி வைட்டமின் குறைவோ இருக்கலாம்; பொருந்தாத பல்செட்டும் காரணமாகலாம். சீழ், வீக்கம், காய்ச்சல் கண்டால் காத்திருக்க வேண்டாம். கீழுதட்டில் வெள்ளைத் திட்டோ, தடிப்போ, புண்ணோ இரண்டு மூன்று வாரத்தில் ஆறாவிட்டால், வெயிலில் வேலை செய்பவரும் புகையிலை பழக்கம் உள்ளவரும் அதைப் பனிவெடிப்பு என்று விட்டுவிடக் கூடாது. பாறசாலை தாலுகா மருத்துவமனையிலோ நெய்யாற்றின்கரை பொது மருத்துவமனையிலோ காட்டுங்கள்.

கடைசியாக, வீட்டுப் பெரியவர்களைப் பாருங்கள். உதடு வெடித்தால் உப்பும் மிளகாயும் எரியும். அவர்கள் அதைச் சொல்லாமல் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்வார்கள். கஞ்சி மிச்சமிருந்தால் ஏனென்று கேளுங்கள். எரிகிறது என்றால் அன்று உப்பு குறைத்து, ஒரு கரண்டி நெய் விட்டுக் கொடுங்கள். இரவில் அவர்கள் உதட்டுக்கும் நீங்களே எண்ணெய் தொட்டு வையுங்கள்.